கூடிப்போன விதைகள்

அடுப்பில் தணல் மட்டும் மிச்சமிருந்தபோது பாக்கியலக்ஷ்மி அதன் மேல் ஒரு தகரத் தட்டை வைத்துப் பப்பாளி விதைகளைப் பரப்பினாள். முந்தின நாள் சாம்பல் போட்டுத் தேய்த்து, வழுவழுப்புப் போகக் கழுவி வைத்தவை. ஆடி மழை விட்டபாடில்லை. வெயிலுக்குக் காத்திருந்தால் விதை முளைத்தே விடும். தீய்ந்துவிடாமல் விரலால் கிளறிக்கொண்டே இருந்தாள். ஈரம் போகப் போக விதைகள் சுருங்கிக் கறுத்து, நல்ல மிளகு போலவே ஆயின. பழகாத கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாலும் அது மிளகுதான். அவளுடையது பழகிய கண். கொச்சியில், கொச்சங்காடி மிளகுக் குடோனில் செக்கிங் மேஜையில் இருக்கும் மூன்று பெண்களில் அவள் ஒருத்தி. மிளகோடு மிளகாகக் கலந்து வரும் பப்பாளி விதையைப் பொறுக்கி எடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள், அதையே வீட்டில் காயவைத்து முந்தானையில் முடிந்துகொண்டு வேலைக்குப் போகிறாள் என்று தெரிந்தால் தெருவே கைகொட்டிச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும். வேலைக்கு உலை வைக்காமல் இருந்தால் சரி.

எல்லாம் ராமபத்ரன் மேனேஜராக வந்த பிறகு ஆரம்பித்தது. பாலக்காட்டுக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. அவர் வாயில் தமிழைக் கேட்டபோது மேஜைப் பெண்களுக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய வருஷம் கப்பலேறிய சரக்கில் பப்பாளி விதை இருந்ததாக வெளிநாட்டிலிருந்து புகார் வந்திருந்தது. அந்தச் சாக்கை யார் பார்த்தது, எப்படிப் பார்த்தது என்று முதலாளி கேட்டதற்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. பார்த்தோம், நன்றாகத்தான் பார்த்தோம் என்று எல்லோரும் சொன்னார்கள். ராமபத்ரன் வந்த வாரமே மூன்று பெண்களையும் நிற்கவைத்து ஒன்று சொன்னார்.

"நன்னாப் பார்க்கறோம்னு சொன்னாப் போறாது. எவ்வளவு நன்னான்னு எனக்கு அளந்து தெரியணும்."

அளப்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்திருந்தார். சாக்குகளில் குத்தூசி போட்டு எடுத்த மிளகு முதலில் அவருடைய அறைக்குப் போகும். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் பப்பாளி விதையைக் கலப்பார். எந்தத் தட்டில் எத்தனை என்பது அவருக்கு மட்டும் தெரியும். வெள்ளை எனாமல் தட்டுகள் அதன் பிறகுதான் மேஜைக்கு வரும். ஒவ்வொருத்திக்கும் முன்னால் ஒரு தேங்காய்ச் சிரட்டை. கண்டெடுத்த விதையை அதில் போட வேண்டும். சாயங்காலம் சிரட்டைகளை எண்ணி, வாசல் பக்கக் கரும்பலகையில் பேருக்கு நேரே எழுதிவிடுவார். ஓணம் வரைக்கும் கணக்கு நன்றாக இருப்பவர்களுக்கு வேலை நிரந்தரம். குறைந்தவர்கள் பின்கட்டில் சரக்குப் புடைக்கப் போக வேண்டும். அங்கே தினக்கூலி, அதுவும் சரக்கு வந்தால்தான். விட்டுப்போன விதையை யார் தலையிலும் கட்டாத நேர்மையான கணக்கு அது என்பதைப் பாக்கியலக்ஷ்மியாலும் மறுக்க முடியவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

பயம் மாடத்தியை நினைத்து. மாடத்தி பாக்கியலக்ஷ்மியின் புருஷன் வீரபாண்டிக்கு ஒன்றுவிட்ட அக்காள், தென்காசிப் பக்கம். இருபது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டில் ஒரு வார்த்தை பொறுக்காமல் கிளம்பி வந்து, இனி அந்தப் படி மிதிப்பதில்லை என்று பள்ளுருத்தியில் ஒற்றை அறையில் இருப்பவள். கொஞ்ச நாளாக அவள் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. மேஜையில் இருந்த மூவருக்கும் அது தெரியும், வாய்விட்டுச் சொன்னதில்லை. முன்பென்றால் மாடத்தி விட்டதைப் பக்கத்திலிருப்பவள் பொறுக்கிவிடுவாள். இப்போது அவரவர் தட்டு, அவரவர் சிரட்டை. முதல் வாரமே கரும்பலகையில் மாடத்தியின் எண் மற்ற இருவருடையதில் பாதிதான். இந்த வேலை போனால் அறை வாடகை போகும். வாடகை போனால் மிச்சம் இருப்பது அந்த அண்ணன் வீட்டுப் படிதான்.

போன ஐப்பசியில் துறைமுக வார்ஃபில் கிரேன் கயிறு அறுந்து வீரபாண்டியின் மேல் சாக்குகள் விழுந்தன. அவன் பிழைக்கவில்லை. அன்றைக்குப் பாக்கியலக்ஷ்மியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தவள் மாடத்தி. வந்தவள் மாதக் கணக்கில் திரும்பிப் போகவில்லை. கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு, குடித்தால்தான் நகருவேன் என்று எதிரே உட்கார்ந்திருப்பாள். இராத்திரிகளில் பக்கத்திலேயே படுத்திருப்பாள். இந்த ஊரில் பாக்கியலக்ஷ்மிக்கு மனுஷி என்று சொல்ல அவள் ஒருத்திதான். ஆகவே தட்டில் விதை காய்ந்தது. மாடத்தி எழுந்து தண்ணீர் குடிக்கப் போகும் நேரம் பார்த்து அவள் சிரட்டையில் ஐந்தாறு விதைகளைப் போட்டுவிடுவாள். தான் கண்டெடுத்ததிலிருந்து போட்டிருக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் தன் எண் இறங்கிவிடும்.

அடுத்த வாரம் மாடத்தியின் எண் ஏறியது. ராமபத்ரனுக்கு மனம் குளிர்ந்துபோனது, இலக்கு என்று ஒன்று இருந்தால்தான் மனுஷனுக்குக் கண் தெரியும் என்று தராசுக்காரரிடம் சொன்னாராம். மூன்றாவது பெண் கமலாக்ஷி கரும்பலகையைப் பார்த்துவிட்டு, மாடத்தி சேச்சிக்கு இப்போ கருடன் கண்ணாக்கும், காயலுக்கு அக்கரையில் நிற்கும் ஆளின் மூக்குத்திகூடத் தெரியும் என்று கிண்டல் செய்தாள். மாடத்தியும் சிரித்தாள். தன் சிரட்டையில் விதை கூடுவது அவளுக்குத் தெரியாதா என்று பாக்கியலக்ஷ்மி அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்திலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் இடுக்கி மலையிலிருந்து தங்கப்பன் என்கிற வியாபாரியின் சரக்கு வந்திருந்தது. வயதானவர், சரக்கோடு தானும் லாரியில் வந்து, நனைந்த குடையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பாதிச் சாக்குகள் தைத்து முடிந்து, படகுத்துறை ஜெட்டியில் சரக்கேற்ற வள்ளம் காத்துக் கிடந்தது. மத்தியானம் ராமபத்ரன் வழக்கத்துக்கு மாறாக முன்னதாகவே வந்து சிரட்டைகளை வாங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் தைக்கிறவர்களை நிறுத்தச் சொல்லி ஆள் வந்தது. பிறகு மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

உள்ளே போனபோது அவர் முகம் வெளுத்திருந்தது. மூன்று சிரட்டைகளும் மேஜை மேல் இருந்தன. தான் கலந்ததைவிட அதிகமாக விதைகள் வந்திருக்கின்றன என்றார். ஒன்றிரண்டு அல்ல, மாடத்தியின் சிரட்டையில் ஏறக்குறைய இன்னொரு பங்கு. பாக்கியலக்ஷ்மியுடையதிலும் கூடுதல். அப்படியானால் இந்த விதைகள் சாக்கிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். மலைக்காரர் கலப்படம் செய்திருக்கிறார்.

"மொதலாளி காதுல போட்டா அந்த மனுஷன் பேரு இந்தத் தெருவுலேயே போயிடும். இனிமே ஒருத்தரும் அவர் சாக்கைத் தொடமாட்டா. போடலைன்னா, போன வருஷம் மாதிரி ஆயிடும். ஒங்க மூணு பேரையும்தான் கேக்கறேன். உள்ளதைச் சொல்லுங்கோ."

வெளியே தங்கப்பன் யாரிடமோ, என்னவாக்கும் தாமதம், மழைக்கு முன்னே வள்ளம் போகணுமல்லோ என்று கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. குற்றம் சாட்டப்பட்டிருப்பது தெரியாத குரல். பாக்கியலக்ஷ்மி போட்டது ஐந்தாறு. இத்தனை எப்படி வந்தது? தன் சிரட்டையில் எப்படிக் கூடியது? ஒருவேளை அந்த ஆள் உண்மையிலேயே கலந்திருந்தால், வாயைத் திறந்து மாடத்தியைக் காட்டிக்கொடுப்பது வீண். கலக்கவில்லை என்றால், வாயை மூடிக்கொண்டு நிற்பது பாவம். வீரபாண்டி செத்த அன்று கயிறு நைந்திருந்தது தெரிந்தும் ஒருவரும் சொல்லவில்லை என்று பிற்பாடு தெரிய வந்திருந்தது. அவள் சார் என்று ஆரம்பித்தாள். அதற்குள் மாடத்தி முந்திக்கொண்டாள்.

"அந்தப் பெரியவர் மேல பழி போடாதீங்க சார். பாக்கியத்தோட செரட்டையில இருக்கது நான் கொண்டாந்து போட்டது."

பாக்கியலக்ஷ்மி திரும்பினாள். மாடத்தி அவளைப் பார்க்காமல், மேனேஜர் இருக்கும் திசையில் பார்த்துப் பேசினாள்.

"புருசன் போனதுல இருந்து அவளுக்கு நெனப்பு நெனப்பா இல்ல சார். ஹார்பர்ல சங்கு ஊதுனா கை நின்னுரும். தட்டு முன்னால இருக்கும், கண்ணு அதுல இருக்காது. பாதித் தட்டு பாக்காமயே போவும். எனக்குக் கண்ணு மங்கலுதான், ஆனா பக்கத்துல இருக்கவ கை நிக்கது தெரியாதா? கெட்டிக்காரி சார் அவ. கொஞ்ச நாள்ல சரியாயிருவா. அதுக்குள்ள வேலை போயிரக் கூடாதுன்னுதான்."

பாக்கியலக்ஷ்மிக்கு முதலில் கோபம்தான் வந்தது. கை நின்றதா? அவளுக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை. கரும்பலகையில் தன் எண்ணைப் பார்த்து, மற்றதெல்லாம் போனாலும் வேலை மட்டும் கைவிட்டுப் போகவில்லை என்று ஒவ்வொரு சாயங்காலமும் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள். அந்த எண்ணில் பாதி மாடத்தி போட்டது. கோபம் நெஞ்சு வரைக்கும் வந்து, அங்கே வேறு என்னவோ ஆகி நின்றுவிட்டது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, மிச்சமிருந்த விதைகளை மேஜை மேல் கொட்டினாள். மாடத்தியின் சிரட்டையில் போட்டவள் தான்தான் என்றாள்.

கமலாக்ஷி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ராமபத்ரன் அவள் பக்கம் திரும்பியதும், கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாள்: "நானும் கொறச்சு வெத போட்டு சாரே. ரெண்டு சேச்சிமார்க்கும். என்ற வீட்டுல கப்ளங்ஙா, பப்பாளி மரம் ரெண்டுண்டு. வீணா எறியண்டான்னு…"

ராமபத்ரன் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று மூவரும் பயந்துபோனார்கள். சிரித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, அந்தக் கிழவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை என்றார். பிறகு மறுபடி மேனேஜராக எழுந்து, மூன்று பேரின் முந்தானை முடிச்சையும் வெளியே வைக்கச் சொல்லி, சாக்குகளில் மறுபடி குத்தூசி போட்டுக் கொண்டுவரச் செய்தார். இந்த முறை எதையும் கலக்காமல் அந்த மேஜையிலேயே நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். சுத்தமான மிளகு. ஒரு விதை இல்லை. தைக்கிறவர்களைத் தொடங்கச் சொல்லி அவரே வாசல் வரைக்கும் போய்க் குரல் கொடுத்தார்.

திரும்பி வந்து ஜன்னல் ஓரத்தில் மாடத்தியை நிற்கவைத்து, விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டார். அவள் சொன்னது தவறு. இன்னொரு முறையும் தவறு. ஆவணியில் எர்ணாகுளத்தில் கண் முகாம் நடக்கிறது, பெயர் கொடுக்கலாம் என்றார். அதுவரை சாக்கு வாய் தைக்கும் இடத்தில் உட்காரட்டும், அது விரலுக்கான வேலை, அதே சம்பளம்தான், முதலாளியிடம் தானே பேசிக்கொள்கிறேன் என்றார். கண் தெளிந்தால் மேஜை. தெளியாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. இலக்கு இலக்குதான், அதை எடுக்கப் போவதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் திங்கட்கிழமையிலிருந்து கரும்பலகையில் பெயர்கள் இருக்காது, மேஜைக்கு ஒரே எண். ஒவ்வொரு தட்டும் எல்லோர் கையிலும் ஒரு சுற்றுப் போய் வரட்டும்.

"இனிமே யாராவது ஆத்துலேர்ந்து வெதை கொண்டு வந்தா, நிஜமாவே ஆத்துக்கு அனுப்பிடுவேன்," என்றார்.

சாயங்காலம் வள்ளம் கிளம்பியது. தங்கப்பன் குடையை விரித்துக்கொண்டு கடைசிச் சாக்கு ஏறும் வரை ஜெட்டியில் நின்றிருந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்துப் பொதுவாகத் தலையசைத்துவிட்டுப் போனார். தான் எதிலிருந்து தப்பினோம் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. கமலாக்ஷி ஃபோர்ட் கொச்சிப் பக்கம் திரும்பிக்கொள்ள, மற்ற இருவரும் பள்ளுருத்தி பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

மழை நின்றிருந்தது. இத்தனை நாளும் மாடத்தி தெருவில் தனியாகத்தான் நடப்பாள், சுவரோரமாகவே, தனக்கு ஒன்றுமில்லை என்று காட்டுகிற வேகத்தில். இன்றைக்கு இரண்டு எட்டு வைத்ததும் நின்று, கையை நீட்டிப் பாக்கியலக்ஷ்மியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்பமிருந்து மதினி எனக்குப் போட்டுட்டு இருந்தீங்க?" என்று பாக்கியலக்ஷ்மி கேட்டாள்.

"அது எதுக்குட்டி இப்பம்."

பாக்கியலக்ஷ்மிக்குக் கண் நிறைந்து தெரு கலங்கியது. புருஷன் காரியத்தில்கூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள் என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. துடைக்கக் கை எழவில்லை, ஒரு கை மாடத்தியிடம் இருந்தது, மற்றதில் சாப்பாட்டுத் தூக்கு. அப்படியே விட்டாள். முனையில் சுக்கு மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று சத்தமாக வந்தது, தள்ளுகிறவர்கள் வழி வழி என்று கத்தினார்கள். இருவரும் ஓரத்தில் ஒதுங்கினார்கள். சக்கரம் குழியில் இறங்கி ஏறியபோது சேறு இருவர் சேலையிலும் தெறித்தது.

"வண்டி போயிட்டா?" என்று மாடத்தி கேட்டாள்.

"எனக்கும் கண்ணு தெரியல மதினி. பொறுங்க."

வண்டி வளைவு திரும்பி மறைந்துவிட்டிருந்தது. மழைநீரில் வானம் கிடக்க, தெரு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காலியாக இருந்தது. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்தபடி இருவரும் இன்னும் ஓரத்திலேயே நின்றார்கள்.