உமரி முளைத்த படிக்கட்டு

மனையை அளக்க சர்வேயர் வருகிறார் என்றால் முதல் நாளே அதைத் துடைத்து வைத்துவிட வேண்டும் என்பது கொத்தனாரின் கொள்கை. புதரும் முள்ளுமாய்க் கிடக்கிற இடத்தில் டேப்பைப் பிடிக்க யாருக்குத்தான் மனம் வரும்? முப்பது வருஷத் தொழிலில் அவர் கட்டிய சுவர் ஒன்றுகூடக் கோணியதில்லை. அந்தப் பெருமை மனிதருக்குக் கொஞ்சம் தூக்கலாகவே உண்டு. காயலோரத்து மனையையும் அப்படித்தான் ஒரே நாளில் மொட்டையடித்து வைத்தார்.

வெட்டியதில் பாதிக்கு மேல் உமரி. தரையோடு கணுக்கணுவாய்ப் படரும் உப்புச் செடி அது. மழைக்காலத்தில் காயல் எதுவரை ஏறி வருமோ அதுவரைதான் முளைக்கும். மனையின் மறுபக்கம் ஒரு குட்டை இருந்தது. அதற்கும் காயலுக்கும் இடையே உமரி படர்ந்த அந்தப் பள்ளம்தான் வழி. கோடைக்கு முன்னால் இறால் குஞ்சுகள் அதன் வழியே குட்டைக்குள் போகும், வளரும், முதல் மழைக்கு அதே வழியாய்த் திரும்பும். திரும்பி வருவதைப் பிடித்துத்தான் கொத்தனாரின் அண்ணன் குடும்பம் நடத்துகிறார். இதெல்லாம் கொத்தனாருக்கு அரைக்கால் சட்டை போட்ட வயதிலேயே தெரியும்.

சர்வேயர் ஊருக்குப் புதியவர். முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்த கோடை அது, நீர் எங்கோ உள்வாங்கிக் கிடந்தது. மழைக்கால நீர் எதுவரை ஏறும் என்று காட்ட உமரியும் இல்லை. அவர் அன்று நீர் நின்ற இடத்தில் ஆணியடித்து, விதிப்படி முப்பது மீட்டர் தள்ளிக் கோடு போட்டார். கோடு பள்ளத்துக்கு நடுவே விழுந்தது.

மனைக்குச் சொந்தக்காரி டீச்சர்தான் சந்தேகப்பட்டாள்.

"கொத்தனாரே, இங்க முன்னாடி என்ன செடி இருந்துச்சு? தண்ணி ஏறி வர்ற இடமா இருந்தா இன்னும் பின்னால தள்ளிக் கட்டிக்கலாம். எனக்கு ஒரு ரூம் குறைஞ்சாலும் பரவாயில்ல."

இதைவிட ஒரு மனுஷி என்ன கேட்க வேண்டும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பக்கத்தில் சர்வேயர் நிற்கிறார், சித்தாட்கள் நிற்கிறார்கள். பார்த்து அளக்க வேண்டிய செடியை நானே வெட்டித் தள்ளிவிட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"புல்லுதான், டீச்சர்" என்றார்.

அப்புறம் அந்தப் பெண் பட்ட பாட்டைப் பார்த்திருக்க வேண்டும். மண் கரைந்து காயலில் இறங்கக் கூடாதென்று சாக்கு அடுக்கி வரப்புப் போடச் சொன்னாள். நண்டு போக வர வேண்டுமென்று சுற்றுச்சுவரே வேண்டாம் என்றாள். பறவைகள் மிரளாதிருக்க வெளிவிளக்குகளுக்கெல்லாம் மூடி போட்டாள். கழிவுநீர்த் தொட்டி ஒரு சொட்டுக் கசிகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அத்தனையையும் கொத்தனார் சுத்தமாகச் செய்து கொடுத்தார். பள்ளத்தில் நாலடிக்கு மண் கொட்டி இறுக்கி, அதன்மேல்தான் அஸ்திவாரமும் போட்டார். அந்தச் சுவரும் கோணவில்லை.

மழை வந்தது. முகத்துவாரத்து மணல் உடைந்து காயல் திறந்துகொண்டது. குட்டை மட்டும் நிறைந்து, போக வழியில்லாமல் அப்படியே நின்றது. பத்தாம் நாள் பச்சை பூத்தது, இருபதாம் நாள் நாறியது. அண்ணன் தினமும் காயலில் வலை போட்டுவிட்டு வெறும் வலையை உதறிக்கொண்டு வந்தார். தம்பி கொட்டிய மண்ணாயிற்றே என்று யாரிடமும் புகார் சொல்லவில்லை. கொத்தனார் குட்டைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒருநாள் காலை டீச்சர் கூப்பிட்டனுப்பினாள். கொத்தனார் போனபோது அண்ணனும் அங்கே இருந்தார். காலடியில் ஒரு வாளி. உள்ளே வெள்ளை வெள்ளையாய்ச் செத்த இறால், விரல் நீளம் வளர்ந்தவை.

"நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னு இவங்களக் கேட்டேன், குட்டையைக் காட்டுனாங்க" என்றாள் டீச்சர். "எங்க தப்பு பண்ணோம்னே தெரியல. அது போகட்டும், இது என்ன செடின்னு பாருங்க. அழகா இருக்கேன்னு பிடுங்காம விட்டு வச்சிருக்கேன்."

பின்வாசல் படிக்கட்டின் இரண்டு பக்கமும், சுவர் அடியை ஒட்டி வீட்டைச் சுற்றிலும், அன்று வெட்டிய செடிகளின் விதை மண்ணோடு கலந்து முளைத்திருந்தது. அண்ணன்தான் பதில் சொன்னார்.

"உமரிம்மா. தண்ணி வந்து போற இடத்துச் செடி."

டீச்சர் செடியைப் பார்த்தாள். அது வீட்டைத் தாண்டிக் குட்டை வரைக்கும் போவதைப் பார்த்தாள். பிறகு கொத்தனாரைப் பார்த்தாள்.

"அன்னைக்குப் புல்லுன்னு சொன்னீங்களே."

"உமரின்னு தெரியும், டீச்சர்" என்றார் கொத்தனார். "தெரிஞ்சுதான் சொன்னேன். நான்தான் வெட்டினேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் திட்டியிருந்தால் தேவலை. படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தப் பக்கத்தை உடைச்சுட்டா வழி திறக்குமா?"

"வீட்டையே எடுக்கணும், டீச்சர். கீழ மண்ணை அப்படி இறுக்கியிருக்கேன். எடுத்தாலும் இந்த வருஷக் குஞ்சு செத்தாச்சு."

வாளியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் நடந்தார். கொத்தனார் பின்னாலேயே ஓடினார். இரண்டு அடி வாங்கினாலும் பரவாயில்லை என்றுதான் ஓடினார். வாயில் மன்னிப்பு வரவில்லை, "அண்ணே, அண்ணே" என்றுதான் வந்தது. சாலை முனையில் அண்ணன் நின்றார். வாளியைக் கீழே வைத்தார். தம்பி முகத்தைப் பார்க்காமல், அந்நியரிடம் வேலை கேட்கிற குரலில் கேட்டார்.

"நாளைக்கு உன் வேலையில மண் சுமக்க ஆள் வேணுமா?"