வேலியோரம் நின்றவள்

“பனிக்குள்ள மாடுக மூச்சு விடுறதப் பாக்கணும் புள்ள. ஒவ்வொரு மூக்குலருந்தும் புகையா வரும்.”

“எந்த ஊர்ல?”

“ஊரெல்லாம் இல்ல. மணப்பாறை போற வழியில. விடியிறதுக்குச் செத்த நேரம் முன்னாடி.”

“நான் எங்கிட்டு அதையெல்லாம் பாக்கப் போறேன்.”

“அதுவும் சரிதான்” என்று சிரித்துவிட்டுச் சோலைமலை திரும்பிப் படுத்துக்கொண்டான்.

தை மாதம் நடந்த பேச்சு அது. பங்குனி பிறந்த பிறகும் சுந்தரம்மாளுக்கு அது மறக்கவில்லை. ‘நீயும் வாரியா?’ என்று அவன் ஒரு வார்த்தை கேட்பான் என்றுதான் அப்படிச் சொன்னாள். அவன் கேட்கவில்லை.

சோலைமலை மாட்டு வியாபாரி. காங்கேயம் பக்கத்துக் கிராமங்களில் மாடு பிடித்து வந்து, ரெட்டியார்சத்திரத்துக்குப் பக்கத்திலிருந்த தன் வீட்டில் கட்டி வைத்து, பிறகு கூட்டாளி மூக்கையாவோடு சந்தை சந்தையாக ஓட்டிக்கொண்டு போவான். வருஷத்தில் பாதி நாள் சாலையில்தான். கல்யாணமாகி ஆறு வருஷமாகிறது. ஒரே ஒரு தடவை அவனோடு நடக்க வேண்டும், அவன் பார்ப்பதையெல்லாம் தானும் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்தத் தொழிலில் பெண்கள் போவதில்லை. போகக்கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை. ஒவ்வொரு பயணத்தின்போதும் நாக்கு நுனிவரை வரும் அந்தக் கோரிக்கையை விழுங்கிவிட்டு, கட்டுச்சோற்றைக் கையில் கொடுத்து, “பாத்துப் போயிட்டு வாங்க” என்று சிரிப்பாள்.

இந்த மாதம் அவன் மதுரைச் சித்திரைச் சந்தைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அதற்கு முந்தின வாரம்தான் ரெட்டியார்சத்திரத்து டூரிங் டாக்கீஸில் ஓர் இங்கிலீஷ் படம் போட்டார்கள். ரொம்பப் பழசு. வாடகை மலிவென்று முதலாளி எங்கிருந்தோ எடுத்து வந்திருந்தார். படம் முழுக்க மாடும் குதிரையும்தான் என்று கேள்விப்பட்டு, மாட்டுக்காரர்கள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டார்கள். சோலைமலையோடு சுந்தரம்மாளும் மாமியார் கருப்பம்மாளும் போனார்கள்.

கொட்டகையின் நடுவே இடுப்பளவு மண்சுவர். இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள். இங்கிலீஷ் படமென்றால் கதை சொல்ல ஒட்டன்சத்திரத்திலிருந்து நாச்சிமுத்து வருவார். திரையருகே, ஆண்கள் பக்கத்தில் நின்றுகொண்டு கத்துவார். குழந்தைகள் அழுகையிலும் முறுக்கு விற்பவளின் கூவலிலும் அவர் சொல்வது பெண்கள் பக்கம் வந்து சேராது. அதனால் பெண்கள் படத்தைப் பார்த்துத் தாங்களே ஒரு கதையைக் கட்டிக்கொள்வார்கள்.

மறுநாள் டீக்கடையில் இதே பேச்சுத்தான். மாடுகளுக்குத் திமில் இல்லை, நுகத்தடி எங்கே நிற்கும் என்று ஒருவர் கவலைப்பட்டார். மூக்கையாவுக்கு வேறு கோபம். கொம்பு முறிந்த ஒரு பசு மூன்று தடவை ஒரே பாறையைக் கடந்து போனதை அவன் பார்த்திருந்தான்.

“பேருதான் பெரிய பண்ணை. இருக்கிறது ஒரு பிடி மாடு. அதையே பாறையச் சுத்திச் சுத்தி ஓட்டிக்கிட்டு இருக்கான்” என்றான்.

கதாநாயகனின் குதிரையைப் பற்றியும் விவாதம் நடந்தது. மலையேறும்போது அதன் முன்னங்கால் வெள்ளை. இறங்கும்போது வெள்ளையைக் காணோம். படம் எடுத்தவர்கள் கையில் காசில்லாமல், கிடைத்த குதிரையை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள் என்று யாருக்கும் தோன்றவில்லை. வழியில் எவனோ ஒரு தரகன் நல்ல குதிரையை வாங்கிக்கொண்டு மட்டக்குதிரையைத் தலையில் கட்டிவிட்டான் என்றே எல்லோரும் முடிவு செய்தார்கள். அந்த ஏமாற்றைப் படத்தில் காட்டாமல் விட்டது பெரிய குறை என்று சோலைமலையும் சொன்னான்.

ஆனால் அவனுக்கு அந்தப் படத்தின் முடிவு பிடித்திருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லி வியந்தான். கதாநாயகன் குதிரையேறிக் கிளம்புகிறான். அவனை விரும்பியவள் வேலியோரம் நின்று, ‘போய் வாருங்கள், எத்தனை வருஷமானாலும் காத்திருப்பேன்’ என்று வழியனுப்புகிறாள். பெண் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்றான்.

சுந்தரம்மாள் வெஞ்சனக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

“அவ ஒண்ணுமே சொல்லலையே. வாயே தொறக்கல.”

“நாச்சிமுத்து சொன்னாரு புள்ள.”

“அவரு சொன்னாரு. அவ சொல்லல. நான் அவ மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

திருகையில் உளுந்து உடைத்துக்கொண்டிருந்த கருப்பம்மாள் தலையைத் தூக்காமலே சொன்னாள்: “அம்புட்டுப் பெரிய குதிரை. இன்னொரு ஆளு உக்கார எடமா இல்ல? கூறு கெட்ட பய.”

சோலைமலை சிரித்தான். ஆனால் அவனுக்கு அது உறுத்தியது. சாயங்காலம் அடுத்த ஆட்டத்துக்கு வந்திருந்த நாச்சிமுத்துவைத் தேடிப்போய்க் கேட்டான். அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை.

“நெசந்தானுங்க, அந்தம்மா பேசவே இல்லீங்க. சும்மா நிக்கிறதக் காட்டுனா ஆம்பளைங்க எந்திரிச்சுப் போயிருவாங்க. அதான் நானா ஒரு வார்த்தை போட்டேன். எல்லா ஊர்லயும் கைதட்டுறாங்களே” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது சோலைமலை தன் பயணங்களை நினைத்துப் பார்த்தான். சுந்தரம்மாளுக்குத் தான் போவதில் சந்தோஷம்தான் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தான். அவளா அப்படிச் சொன்னாள்? சிரித்தாள், அவ்வளவுதான். மீதியை அவனாகப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பயணத்துக்கு முந்தின நாள் மாடுகளுக்கு லாடம் அடித்து முடிந்தது. வெயில் சாய்ந்திருந்தது. சுந்தரம்மாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவன் கயிற்றைச் சுருட்டியபடி பக்கத்தில் வந்து நின்றான்.

“நாச்சிமுத்துவக் கேட்டேன். நீ சொன்னதுதான் சரி. அவ ஒண்ணும் சொல்லலையாம்.”

“ம்.”

“என்ன சொல்லணும்னு நெனச்சிருப்பா?”

இப்போது பதில் சொல்வது சுலபம். அந்தப் படத்துப் பெண்ணின் பேரில் ஆறு வருஷத்து ஆசையைச் சொல்லிவிடலாம். அவன் ஒத்துக்கொள்ளாவிட்டால் சினிமாக் கதையென்று சிரித்து மழுப்பியும் விடலாம். ஆனால் அதுவும் நாச்சிமுத்து செய்த வேலைதான் என்று அவளுக்குப் பட்டது. வாய் திறக்காத ஒருத்தியின் வாயில் இன்னொருவரின் வார்த்தை. தன் ஆசையென்று நேரே கேட்டால் ஊர் சிரிக்கும் என்று பயமாக இருந்தது. அவன் சிரிப்பானோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

வாளியை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

“அவளப் பத்தி எனக்குத் தெரியாதுங்க” என்றாள். “மதுரைக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போங்க. மாட்டோட நானும் நடந்து வாரேன்.”