கேப்டன் இளமாறனின் மூன்றாம் கட்டு

தேயிலைத் தோட்டத்து லயத்துக்குக் கேப்டன் இளமாறன் புத்தகம் வந்தால் முதல் வேலை அதை நாலாகப் பிரிப்பதுதான். மாதம் ஒரு கதை, போடியிலிருந்து பஸ்ஸில் ஒரே ஒரு பிரதி. பதினாலு வருஷமாக வருகிறது. ஒருவர் முடிக்கும்வரை மற்றவர்களால் பொறுக்க முடியாது. அதனால் நாலு கட்டாகத் தைத்து வீடுவீடாகச் சுற்றவிடுவார்கள். ஆள் இல்லாவிட்டாலும் உள்ளே போய்த் தன் முறைக்கான கட்டை எடுத்துக்கொள்ளலாம். யாரும் அதைத் திருட்டென்று சொன்னதில்லை.

சாந்தம்மாள் அதை மறந்துவிட்டாள்.

கொழுந்து பறித்துவிட்டு மதியச் சோற்றுக்கு வந்தவள், முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் கையை விட்டாள். மூன்றாம் கட்டு இல்லை. அதற்குள்தான் சுருளிவேலின் கடிதம் இருந்தது. எமர்ஜென்சி வந்து, ஸ்டிரைக் நடத்தியவர்களைப் போலீஸ் தேடத் தொடங்கியதிலிருந்து அவள் புருஷன் தலைமறைவு. கம்பளி கேட்டு எழுதியவன், பூப்பாறைப் பக்கம் எந்த ஏலக்காடு, யார் கொட்டகை என்பதையும் எழுதியிருந்தான். படித்ததும் எரித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை.

காய்ச்சலென்று லீவில் இருந்த பக்கத்து வீட்டுக் குருவம்மாள் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எக்கா, மூணாங் கட்ட யாரு எடுத்தா?"

"நாந்தாம்ட்டி. எளமாறன கயித்துல கட்டித் தொங்கவிட்டுருக்கானுவ, அடியில முதலை! எனக்குக் கஞ்சியே எறங்கல."

"உள்ள ஒரு காயிதம்..."

"நீ அடையாளத்துக்கு வச்சிருக்கன்னு நெனச்சு அப்படியே விட்டுட்டேன். இப்ப சூப்பர்வைசர் கொண்டு போயிட்டாரு. அவரு முறைதான? மனுசன் கையிலருந்து பிடுங்காத குறை."

போன வாரம் போலீஸ்காரர்களை லயத்துக்குள் கூட்டிவந்து, இதுதான் சுருளி வீடு என்று காட்டியதே சூப்பர்வைசர் இன்னாசிராஜ்தான்.

கொழுந்து நிறுக்கும் எடைக் கொட்டகைக்கு எப்படி நடந்தாள் என்று சாந்தம்மாளுக்குத் தெரியவில்லை. இளமாறனுக்கு அடுத்த மாதப் புத்தகம் உண்டு. அது தெரிந்துதான் இத்தனை வருஷம் அவள் ஆசையாசையாகப் பயந்தாள். சுருளிக்கு அப்படி யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

இன்னாசிராஜ் கொழுந்துச் சாக்கின்மேல் உட்கார்ந்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். பக்கம் முடியும்வரை நிமிரவில்லை. அவள் நின்றாள். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"நாலாங் கட்டு யாருட்ட?"

"பிச்சைமணி வீட்டுல, அண்ணாச்சி."

"இவன் எல்லாக் கதையிலயும் ஒரே தப்பத்தாம் பண்ணுதான். ஒரே எடத்துல கெடக்கான், பிடிச்சிருதானுவ." பக்கத்தைப் புரட்டினார். "சாயங்காலம் போலீஸ் ஜீப்பு வருதாம். வழிகாட்ட என்னயத்தான் கூப்புடுதாங்க."

சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அவள் இரண்டாக மடித்து வைத்த தாள் இப்போது நாலாக மடிந்திருந்தது.

மிரட்டுகிறாரா, எச்சரிக்கிறாரா? முகத்தில் தேடினாள். அது மறுபடி புத்தகத்துக்குள் போய்விட்டிருந்தது.

சாந்தம்மாள் கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பூப்பாறைக்குப் போகும் குறுக்குப் பாதையில் ஏறினாள். கம்பளி எடுக்கக்கூட வீட்டுக்குப் போகவில்லை. பாதி மேட்டில் திரும்பிப் பார்த்தாள். யாரும் பின்னால் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. இடம்தான் அவருக்குத் தெரியுமே. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் ஓடத் தொடங்கினாள்.