ஏன் நின்றது

அம்மாவின் இடுப்பிலிருந்து பேட்டரிப் பட்டையை மகள் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது மாமா ஆஸ்பத்திரி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"அந்தச் சனியனைத் தூக்கித் தூரப் போடு. என் தங்கச்சியைக் கொன்னதே அதுதான்."

"கொல்லல மாமா. நின்னுபோச்சு."

அம்மா பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுபவள். இதயம் நைந்து, எழுந்து உட்காரவே மூச்சு வாங்கிய நாட்களில், இளம் டாக்டர் ஒருத்தி புதுவிதப் பம்பு ஒன்றைப் பற்றிச் சொன்னாள். இதயத்தோடு பொருத்துவது. அதுவரை மனிதர் யாருக்கும் வைத்ததில்லை. உத்தரவாதம் தர முடியாது என்று அவள் சொன்னதுமே மாமா எழுந்துவிட்டார். "இவ என்ன எலியா?"

அம்மா அவரைக் கண்டுகொள்ளவில்லை. "உள்ளே என்ன பேரிங் போட்டிருக்கீங்க?" என்றாள்.

பேரிங்கே இல்லை, சுழலி காந்தத்தில் மிதக்கிறது என்றாள் டாக்டர்.

"எதையும் தொடாமலேயா!"

அம்மா சம்மதித்தது அந்த ஒரு பதிலுக்காகத்தான் என்று மகளுக்கு எப்போதும் தோன்றும்.

வைத்த பிறகு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்தாள். படியேறினாள், பட்டறைக்குப் போனாள். பம்பு ரத்தத்தை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டே இருந்ததால் நாடி தட்டுப்படாது. மாமா வந்தால் வேண்டுமென்றே மணிக்கட்டை நீட்டுவாள். "பிடிச்சுப் பாருண்ணா. துடிப்பு கிடையாது, ஓட்டம்தான்." அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இன்று காலை பட்டறையில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது எச்சரிக்கை மணி அடித்தது. பேட்டரி மாற்றியும் பம்பு ஓடவில்லை. அம்மா மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏன் நின்னுச்சுன்னு திறந்து பார்க்கச் சொல்லு. பார்க்காம என்னை அனுப்பிடாதீங்க." ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

அதையேதான் இப்போது மாமாவின் பின்னாலேயே அறைக்குள் வந்த டாக்டரும் தயங்கித் தயங்கிக் கேட்டாள். உடலைத் திறந்து பம்பை எடுக்க வேண்டும். அடுத்து இதே வகைப் பம்பைப் பொருத்திக்கொள்ளக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

மாமா கட்டிலை மறித்து நின்றார். "ஒரு தடவை அறுத்தது போதாதா? செத்த பிறகாவது நிம்மதியா விடுங்க."

"ஏன் நின்னுச்சுன்னு தெரியாம அம்மா ஒரு மோட்டாரையாவது திருப்பிக் கொடுத்திருக்காங்களா?" என்றாள் மகள்.

"இது மோட்டார் இல்ல. என் கூடப் பொறந்தவ."

"என்னைப் பெத்தவங்க. சொல்லிட்டுப் போயிருக்காங்க. நீங்க குறுக்கே நின்னாலும் நடக்கும் மாமா. நகருங்க."

அவரிடம் அதுவரை அம்மாவைத் தவிர யாரும் அப்படிப் பேசியதில்லை. மாமா கட்டிலின் விளிம்பை ஒருமுறை தடவிவிட்டு வெளியே போனார்.

அன்று மாலை, பம்பைத் திறந்து பார்க்கும் ஆய்வறைக்குள் வெளியாட்களை விடுவதில்லை என்றார்கள். "நான் வெளியாள் இல்ல," என்று மகள் வாசலிலேயே நின்றாள். டாக்டர் அவளை உள்ளே அழைத்து, தன் நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

உள்ளங்கையில் அடங்கும் பம்பு. மூடி கழன்றதும் சுழலியின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ தெரிந்தது.

"ரத்தக் கட்டி," என்றாள் டாக்டர். "இந்த இடுக்குல வந்து தேங்கும்னு நாங்க யோசிக்கவே இல்ல."

மகள் இன்னும் அருகே குனிந்தாள். நாற்காலியின் முதுகை ஒரு கை பற்றுவது தெரிந்தது. மாமா எப்போது உள்ளே வந்தார் என்று தெரியவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையைத் துழாவி, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எந்த இடுக்கு?" என்றார்.