தெளிவு என்று எழுதிய வரி

கரும்பலகையில் ஏழாவது வரியை எழுதிவிட்டு, "இது தெளிவு" என்று அடிக்கோடிட்டாள் பேராசிரியை சுலேமா.

"ப்ரொஃபே, எனக்குத் தெளிவா இல்லியே," என்றாள் முன்வரிசையில் இருந்த பிரிசா. வகுப்பு சிரித்தது.

சுலேமாவும் உபால்தோவும் சேர்ந்து எழுதிய கடைசித் தேற்றம் அது. கொசுவை ஓர் அளவுக்குக் கீழே குறைத்துவிட்டால், ஊர் எந்த வடிவில் இருந்தாலும் டெங்கு தானாக அடங்கிவிடும் என்று சொல்வது. உபால்தோ போய் இரண்டு மாதம் ஆகிறது. அவன் கல்லறைக் கல்லில் இந்தச் சூத்திரத்தைத்தான் வெட்டச் சொல்லியிருந்தாள் மனைவி நெலிதா. நாளைக்கு உளி வைக்கிறார்கள்.

"வீட்டுல உக்காந்து போட்டுப் பாரு, தெளியும்," என்றாள் சுலேமா வெடுக்கென்று.

"பாத்துட்டேன் ப்ரொஃபே. ரெண்டு பேட்டை, நடுவுல ஒத்தைப் பாலம். டெங்கு இங்க அடங்குறப்ப அங்க ஏறுது, அங்க அடங்குறப்ப இங்க ஏறுது. சாகவே மாட்டேங்குது."

பிரிசா எழுந்து வந்து பலகையில் போட்டுக் காட்டினாள். சுலேமா தப்புத் தேடினாள். பெண்ணின் கணக்கில் ஒரு குறையும் அகப்படவில்லை. வகுப்பை அத்தோடு முடித்துவிட்டாள்.

சுலேமாவுக்கும் உபால்தோவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. நிறுவ முடியாமல் திணறும் இடத்தில் 'தெளிவு' என்று எழுதி அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். வாங்கியவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உண்டு இல்லை என்று ஆக்கிவிட வேண்டும். முப்பது வருடமாக ரொசாரியோ நகரில் ஒரு மாடி அறையில் இதே கூச்சல்தான். குடிக்க வைத்த மாத்தே டீ ஆறிப்போகும், தொண்டை கட்டிக்கொள்ளும், தேற்றம் நிற்கும். மருத்துவமனையில் உபால்தோ கடைசித் தாளை நீட்டியபோதும் ஏழாவது வரியில் அந்தச் சொல் இருந்தது. கோணல்மாணலான எழுத்து. அவளுக்கு மனசு வரவில்லை. "அருமையா இருக்குடா" என்று சொல்லி, அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டாள். இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு சிநேகிதனை ஏமாற்றினாள், வேறென்ன?

தன் அறைக்குப் போனதும் நெலிதாவுக்குப் போன் செய்தாள்.

"கல்லுல அதை வெட்ட வேணாம், நெலி. தேற்றம் தப்பு. பத்திரிகைக்கும் எழுதிக் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கப்போறேன்."



"அவரு தப்புப் பண்ணிட்டாரா?" என்று கேட்டாள் நெலிதா.

"அவன் ஓட்டையைக் காட்டித்தான் குடுத்தான். நான்தான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அந்த நிலைமையில அவனோட எப்படிச் சண்டை போடுறது, சொல்லு?"



"அன்னிக்கு ஆஸ்பத்திரியிலேருந்து நீ கெளம்பிப் போனதும் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு. 'சுலேமா இன்னிக்குச் சண்டையே போடலை நெலி. நான் பொழைக்க மாட்டேன் போல'ன்னாரு."