மூன்று விரல் குறைந்த கோல்

சுட்ட நாட்டுத்துப்பாக்கியைச் சூடு ஆறுவதற்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் குழலுக்குள் துரு ஏறிவிடும். சுடுவது அண்ணன், கழுவுவது தம்பி. பத்து வருஷமாக அந்த வீட்டில் இதுதான் சட்டம். கழுவி முடித்ததும் அண்ணனுக்கு ஒரு விளையாட்டு உண்டு. குழலின் அடியில் நெருப்புப் போகிற துளையில் எண்ணெய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, மருந்து போடாமல், அதைப் பற்றவைக்கிற பொட்டுவெடி மாதிரியான கேப்பை மட்டும் வைத்து வெடிப்பார். அந்த நேரம் குழலின் வாய் தம்பி நெஞ்சில் இருக்கும். அவன் துள்ளுவதைப் பார்த்து அண்ணி விழுந்து விழுந்து சிரிப்பாள். பாவி மனுஷன்! ஆனால் உஷார்ப் பேர்வழி. முதலில் மருந்து கெட்டிக்கிற மரக்கோலை உள்ளே விட்டுப் பார்ப்பார். கோலில் இருக்கிற சிவப்புக் கோடு குழல் வாயோடு நின்றால் காலி. மூன்று விரல் மேலே நின்றால் உள்ளே மருந்தும் ஈய ரவையும் இருக்கிறது என்று அர்த்தம்.

போன வாரம் கழுவும்போது துணி சிக்கி, கோலின் நுனி மூன்று விரல் நீளம் ஒடிந்துபோனது. தம்பி ஒடிந்த இடத்தை ராவி, நுனியில் இருந்த பித்தளைப் பூணை மறுபடி மாட்டி, மூச்சு விடாமல் வைத்துவிட்டான். சொன்னால் தோலை உரித்துவிடுவாரே!

ஞாயிற்றுக்கிழமை அண்ணியின் அண்ணன் வந்திருந்தார்.

"மச்சான், ஒரு வேடிக்கை பாருங்க," என்று அண்ணன் துப்பாக்கியை இறக்கினார். கோலை விட்டார். கோடு கச்சிதமாக வாயோடு நின்றது. "காலி."

தம்பி கோலை உற்றுப் பார்த்தான். காலியாக இருந்தால் ஒடிந்த கோலின் கோடு மூன்று விரல் உள்ளே அல்லவா போயிருக்க வேண்டும்? நேற்று காட்டுப்பன்றிக்குக் கெட்டித்தது அப்படியே கிடக்கிறது. வெறுங்கையோடு திரும்பிய கோபத்தில் மனுஷன் மறந்தே போயிருக்கிறார்.

"அண்ணா, கோல்..."

"என்னடா கோல்? தொடைநடுங்கி! பாருங்க மச்சான், இப்பவே வேர்க்குது."

அண்ணி அதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் தம்பி வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டான்.

"எப்பவும் நானேதானா? இன்னைக்கு நீங்க கையை வைங்க, நான் விசையை அழுத்தறேன்."

"அட, நியாயம்தானே மாப்பிள்ளை!" என்றார் வந்தவர்.

மச்சான் முன்னால் பின்வாங்க முடியுமா? அண்ணன் வலது உள்ளங்கையைக் குழல் வாயில் வைத்தார். தம்பி கேப்பை வைத்தான். சொல்ல இன்னும் நேரம் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். அழுத்தினான்.

வீடே அதிர்ந்தது. புகை கலைந்தபோது அண்ணனின் கை மணிக்கட்டோடு சரி.

"காலின்னு நீங்கதானே அண்ணா பார்த்தீங்க," என்றான் தம்பி.

மச்சான் அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அண்ணி அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள். தம்பி கோலை இரண்டாக ஒடித்து விறகடுப்பில் செருகி, மேலே வெந்நீர்ப் பானையை ஏற்றினான். குழல் இன்னும் சூடாகத்தான் இருந்தது.