பின்தலை விளக்கு

யோகேஸ்வரன் வேலைக்குச் சைக்கிளில்தான் போய்வந்தார். ட்ருகனினா என்ற புறநகரில் அவர் பெட்டி அடுக்கும் வெயர்ஹவுஸ் பக்கம் விடியற்காலையில் பஸ் வராது. கார் ஓடப் பழகுங்கள் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லை. படகில் வந்து இவ்வளவு காலமாகியும் தற்காலிக விசாவில் இருக்கிறவனுக்குக் கார் எதற்கு என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார். கல்யாணியும் அவள் கணவன் நிதுஷனும் அந்தப் பகுதியில் கட்டிக் குடிபுகுந்த வீட்டின் முன்னறையில் அவர் வாடகைக்கு இருந்தார். நிதுஷனுக்கு ஏதோ தூரத்து உறவு. இருவருக்கும் அவர் யோகண்ணா.

கல்யாணி மின்னணுப் பொறியியல் படித்தவள். லிப்டுகளுக்கான மின்பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை அவளுக்கு. ஒருநாள் இருட்டோடு வேலைக்குப் புறப்பட்டவள், முன்னால் போன சைக்கிளைக் கடைசி நொடியில்தான் கண்டாள். கறுப்பு ஜாக்கெட், கறுப்புப் பை, இருக்கைக்குக் கீழே மினுங்கிக்கொண்டிருந்த சிறிய சிவப்பு விளக்கு. பிரேக்கை அழுத்தி நிறுத்திய பிறகுதான் அது யோகண்ணா என்று தெரிந்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார்.

அன்று தொடங்கியதுதான் அந்தத் தலைக்கவச வேலை. கராஜில் ஒரு மேசையைப் போட்டாள். நல்ல தலைக்கவசமாகப் பார்த்துப் புதிதாக வாங்கினாள். அதன் முதுகில் வளையக்கூடிய மெல்லிய சூரியத் தகடுகள், பிடரிப் பக்கம் தட்டையான ஒரு பற்றரி, பின்னால் சிவப்பு விளக்குகள், இரு பக்கமும் செம்மஞ்சள் விளக்குகள். இருட்டினால் தானாகவே எரியும்; சுவிட்ச் இல்லை. துளை போட்டால் தலைக்கவசத்தின் பலம் போய்விடும் என்பதால் ஒரு இடத்திலும் துளைக்காமல், எல்லாவற்றையும் பசையால் ஒட்டினாள். ஒட்டியது பிடிக்கவில்லை என்று பிரித்து மறுபடி ஒட்டினாள். நிதுஷன் சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப்போனான்.

முதலில் செய்தபோது பக்கத்தில் ஒரு சின்னச் சொக்கெட்டும் வைத்திருந்தாள். வெயில் இல்லாத நாளில் ஃபோனுக்குப் போடுவதுபோல வயர் செருகிச் சார்ஜ் ஏற்றலாம். ஆனால் அது துருத்திக்கொண்டு நின்றது, பார்க்க அழகாயில்லை. ஜனவரியில் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில் கண்காட்சி மேசை ஒன்று அவளுக்குக் கிடைத்தது. அதற்கு முதல்நாள் அந்தச் சொக்கெட்டைக் கழற்றி, இடத்தை வழித்து மூடிவிட்டாள்.

"பிளக்கில போடவே தேவையில்லையோ பிள்ளை?" என்று கேட்டார் மேசைக்கு முன்னால் நின்ற ஜெயரட்ணம் அங்கிள்.

"தேவையில்லை அங்கிள். சூரியன் இருக்கும் மட்டும் இது நிக்காது."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்ற யோகண்ணா மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கைதட்டினார்.

அடுத்த கிழமையே அதை அவர் தலையில் வைத்துப் பட்டியை இறுக்கிவிட்டாள். இருக்கைக்குக் கீழே இருந்த பழைய விளக்கைக் காட்டி, "அப்ப இது?" என்று கேட்டார்.

"அது இனித் தேவையில்லை அண்ணா. இது அதைவிடப் பத்து மடங்கு வெளிச்சம்."

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவனுக்கு அவர் அந்தப் பழைய விளக்கைக் கொடுத்துவிட்டார்.

குளிர்காலம் தொடங்கியிருந்த ஜூன் மாதத்தில், மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை, வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவரைப் பின்னால் வந்த கார் அடித்தது. வெயர்ஹவுஸ்களைத் தாண்டியதும் தெருவிளக்கு இல்லாத ஒரு துண்டு வீதி வரும். அங்கேதான். காலில் இரண்டு இடத்தில் முறிவு, தோள்மூட்டு விலகல். தலைக்கு ஒன்றுமில்லை.

"உன்ர ஹெல்மெட் இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லை" என்றார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி. கல்யாணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதைப் பிறகு நினைத்து நினைத்து அவள் கூசிப்போனாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு பொலிஸ்காரர் வந்தார். இளம் வயது, மரியாதையான மனிதர். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அழைத்தார். கார் ஓட்டியது ஹர்ப்ரீத் என்ற பெண், முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். சைக்கிளில் விளக்கே இல்லை, கடைசிவரை எதுவும் தெரியவில்லை என்று அவள் சொல்கிறாளாம். அது சரியா?

யோகண்ணா தலையை உயர்த்தப் பார்த்தார். முடியவில்லை.

"லைட் எரிஞ்சது. அது நிக்காது. இந்தப் பிள்ளைதான் செய்தது, இவ இஞ்சினியர். இவவையே கேளுங்கோ."

ஃபோனிலிருந்த குரல் அதை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தது. பொலிஸ்காரர் கல்யாணியைப் பார்த்தார். விளக்கு வேலை செய்யும் நிலையில் இருந்ததா என்று கேட்டார்.

"யெஸ்" என்றாள் கல்யாணி.

யோசிக்கவே இல்லை. அவர் எழுதிக்கொண்டார். அந்தப் பெண் மீது கவனக்குறைவாக ஓட்டியதாக வழக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும்போது தாதி ஒரு பிளாஸ்டிக் பையை அவளிடம் கொடுத்தாள். நனைந்த ஜாக்கெட், சப்பாத்து, தலைக்கவசம். பக்கத்தில் ஒரு கீறல் தவிரத் தலைக்கவசம் அப்படியே இருந்தது. கராஜ் மேசையில் வைத்துக் கதவை இழுத்து மூடி இருட்டாக்கினாள். விளக்கு எரியவில்லை. வயர் அறுந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். மீற்றரை எடுத்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பற்றரியில்தான் ஒன்றுமே இல்லை.

நிதுஷன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பைக்குள்ள இருட்டில கிடந்ததெல்லே, எரிஞ்சு எரிஞ்சு தீர்ந்திருக்கும்" என்றான்.

"இருக்கலாம்."

"இருக்கலாம் இல்லை, அதுதான். நீர் சும்மா மண்டையைப் போட்டுக் குழப்பாதையும்."

அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். அதைப் பிடித்துக்கொண்டு அவள் அன்றிரவு நித்திரை கொண்டாள். அடுத்தநாள் ஆஸ்பத்திரிக்குச் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனபோது, ஏதோ சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"யோகண்ணா, வேலை நேரத்தில ஹெல்மெட்டை எங்க வைக்கிறனீங்கள்?"

"லொக்கருக்குள்ள வைச்சுப் பூட்டுவன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். வெளியில சைக்கிளோட விட்டால் ஆராவது எடுத்துக்கொண்டு போயிடுவாங்கள். நீ செய்து தந்த சாமான் எல்லே."

"வீட்டில?"

"அறையிலதான். அந்தத் தகட்டில தூசி படக்கூடாதெண்டு துவாயால மூடி வைக்கிறனான். ஏன் பிள்ளை?"

அவள் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். சோறு மிதந்தது.

கோடையில் அவர் வீடு திரும்பும்போது வெயில் இருக்கும். இந்தக் குளிர்காலத்தில் இருட்டில் போய் இருட்டில் வருகிறவர். சனிக்கிழமையும் வேலை. தகடுகள் வெயிலைக் கண்டு எத்தனை கிழமை ஆகியிருக்கும் என்று அவளுக்கே கணக்குத் தெரியவில்லை. பகலில் பூட்டிய லொக்கர், இரவில் துவாய். விளக்கு எப்போது நின்றதென்று அவருக்கு எப்படித் தெரியும்? அது அவர் தலைக்குப் பின்னால் இருந்தது. எரிகிறதா இல்லையா என்று சைக்கிள் ஓடுகிறவரால் பார்க்க முடியாத இடத்தில் அதை வைத்ததும், பார்த்துக்கொள்ள ஒரு சுவிட்ச்கூட இல்லாமல் செய்ததும் அவள். சொக்கெட்டைக் கழற்றியதும் அவள்தான். விளக்கு தேவைப்படுவது இருட்டில் வேலைக்குப் போகிறவனுக்கு என்று நினைத்துச் செய்தாளே தவிர, அவனுடைய பகல் எங்கே கழிகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே குசினியில் தேத்தண்ணி போட்டுக் குடிக்கிற மனிதரிடம்.

"என்ன பிள்ளை, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்டுமில்லை அண்ணா. சாப்பிடுங்கோ."

அன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வேலையிடத்தில் ஒரு மின்பலகையைச் சோதித்துச் சரி என்று கையெழுத்து வைக்கப் போனவள் அதை மறுபடி முதலிலிருந்து சோதித்தாள். முகம் தெரியாத அந்த ஹர்ப்ரீத் நினைவில் வந்து நின்றாள். எதுவும் தெரியவில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டு, அதை யாரும் நம்பாமல், ஒரு மனிதனை அடித்துப்போட்ட கையோடு தினமும் கிழவிகளைக் குளிப்பாட்டப் போய்க்கொண்டிருப்பாள். ஒருவேளை தன் கண்ணையே அவள் சந்தேகப்படத் தொடங்கியிருப்பாள்.

"பொலிசிட்ட போகப்போறன்" என்று அன்று மாலை நிதுஷனிடம் சொன்னாள்.

அவன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "போய்? யோகண்ணா நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு இருக்கிற மனுஷன். பொலிசுக்குப் பொய் சொன்னவர் எண்டு வந்தால்? உம்மட மனம் ஆறுறதுக்கு அவரைக் கொண்டுபோய் மாட்டப்போறீரோ?"

அவன் கேட்டது நியாயம். ஆனால் போகாமல் இருப்பதும் அவளால் முடியவில்லை. முதலில் அவரிடம் சொல்வது என்று மட்டும் முடிவெடுத்தாள்.

யோகண்ணா ஜன்னல் பக்கம் திருப்பிய கட்டிலில் இருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொக்கெட், லொக்கர், பற்றரி.

முடித்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்:

"அப்ப நான் லைட் இல்லாமல் ஓடியிருக்கிறன்."

"ஓம் அண்ணா."

"எத்தினை நாளா?"

"தெரியேல்லை. கன நாளா இருக்கும்."

"அந்தப் பெட்டை உண்மைதான் சொல்லியிருக்குது."

கல்யாணி தலையாட்டினாள்.

"நான் பொலிசுக்குப் பொய் சொல்லிப்போட்டன்" என்றார். அவர் குரலில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. படகிலிருந்து இறங்கிய நாள்முதல் ஒரு அதிகாரியிடமும் ஒரு சொல் பிசகாமல் பேசவேண்டும் என்று பழகிய மனிதர் அவர். "என்ர பைலில எழுதுவாங்களோ தங்கச்சி?"

"நீங்கள் சொன்னது என்ர சொல்லை நம்பி. அதைத்தான் நான் அங்க சொல்லப்போறன். பிழை என்ர."

"நீ சொல்லுவாய். எழுதிறவங்கள் என்னத்தை எழுதுவாங்களோ."

அதன்பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டி மூடியபடியே இருந்தது. கிளம்பும்போது மட்டும், "போய்ச் சொல்லு. அந்தப் பெட்டை பாவம்" என்றார் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

பொலிஸ் நிலையத்தில் அதே இளைஞர்தான் இருந்தார். தலைக்கவசத்தை மேசையில் வைத்து, தான் சொன்னது தவறு என்றும், யோகண்ணா தன் பேச்சை நம்பித்தான் அப்படிச் சொன்னார் என்றும் விளக்கினாள். திட்டுவார் என்று நினைத்திருந்தாள். அவர் திட்டவில்லை. மறுபடி ஒருமுறை மெதுவாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். ஏன் முதல்நாளே இதைச் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டார். அன்று தனக்குத் தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்தான். ஆனால், "நான் செய்தது நின்றுபோகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை" என்றாள். அதையும் அவர் எழுதினார். தலைக்கவசத்தை ஒரு உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

ஹர்ப்ரீத் மீது வழக்கு வரவில்லை. யோகண்ணாவிடம் ஃபோனில் மொழிபெயர்ப்பாளர் மூலம் இன்னொரு வாக்குமூலம் வாங்கினார்கள். அவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றும் நடக்காது என்று தெரியவரும்வரை அவர் பட்ட பாட்டைக் கிரெய்கிபர்னில் இருக்கும் அவருடைய சிநேகிதன் லதீஸ்தான் பக்கத்திலிருந்து பார்த்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் நேரே அவன் வீட்டுக்குத்தான் போனார். அங்கே குளியலறை கீழ்த்தளத்தில் இருக்கிறது, ஊன்றுகோலோடு நடக்க வசதி என்று நிதுஷனிடம் காரணம் சொன்னாராம். கல்யாணியின் வீட்டில் மாடியே கிடையாது.

செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, அவர் தன் சாமான்களை எடுக்க வந்தார். லதீஸ் வானைக் கொண்டுவந்திருந்தான். யோகண்ணா இலேசாக இழுத்து இழுத்து நடந்தார். கல்யாணி தேத்தண்ணி கொடுத்தாள், வாங்கிக் குடித்தார். கால் எப்படி என்று கேட்டாள், பரவாயில்லை என்றார். கராஜில் சுவரோடு சாத்தியிருந்த சைக்கிளை லதீஸ் தூக்கிக்கொண்டு போனான். பின்சக்கரம் மாற்றவேண்டும் என்று யோகண்ணா சொன்னார்.

"திரும்ப ஓடப்போறீங்களோ அண்ணா?"

"ஓடாமல்? லதீஸ் ஒவ்வொரு நாளும் கொண்டுபோய் விடுவானே?"

அவள் தயங்கினாள். கேட்கக்கூடாது என்று தெரிந்தும் வாயில் வந்துவிட்டது. "நான் இன்னொண்டு செய்து தரட்டோ? இந்த முறை சொக்கெட் வைச்சு, சுவிட்ச் வைச்சு…"

யோகண்ணா கோப்பையைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"வேண்டாம் தங்கச்சி. கடையில ஒண்டு வாங்கிப்போட்டன்."

ஜாக்கெட் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். சின்னதொரு சிவப்பு விளக்கு, கையில் அடங்குவது. அழுத்தினார், எரிந்தது. மறுபடி அழுத்தி அணைத்தார்.

"ஏறுறதுக்கு முதல் பின்னால போய் ஒருக்காப் பாப்பன்" என்றார். "உன்னில எனக்குக் கோவமில்லை, விளங்குதோ? நீ நல்லதுக்குத்தான் செய்தனி."

"விளங்குது அண்ணா."

உண்மையாகவே விளங்கியது. கோபம் இல்லை என்பதும், இனிமேல் அவள் கையால் செய்த எதையும் அவர் தலையில் வைக்கப்போவதில்லை என்பதும். லதீஸ் வானை இயக்கினான். யோகண்ணா முறிந்த காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்திக்கொண்டார். வீதி முனை திரும்பும்வரை கல்யாணி கேற்றடியில் நின்றாள். பிறகு உள்ளே வந்து, அவர் குடித்துவிட்டு வைத்த கோப்பையைக் கழுவத் தொடங்கினாள். வெகுநேரம் கழுவிக்கொண்டே நின்றாள்.